ஐந்தாம் அத்தியாயத்தின் பெட்டிகள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தருபவள் ஃபர்சானா. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி, ஓய்வுபெற்ற தாதி சாமுண்டீஸ்வரி எழுதிய நூல் அவளிடம் வந்தது. ஒரே கோப்பிலிருந்து இரண்டு வடிவங்கள் வேண்டும். திரையில் படிப்பவர்களுக்குக் காணொளி. அச்சில் அதே இடத்தில் படமும் விளக்கமும். எந்த வடிவம், அச்சா திரையா என்று தொடக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும், மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்ளவில்லை. அச்சு என்று எழுதிய பிறகும் 'இங்கே தொடவும்' என்ற காணொளிப் பெட்டிகளே வந்தன. மூன்று நாள் மல்லுக்கட்டினாள். மென்பொருள் முன்பு உருவாக்கி வைத்திருந்த துணைக் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு ஓட்டியபோதுதான் படங்கள் தெரிந்தன. நான்கு அத்தியாயங்களைப் புரட்டினாள், எல்லாம் சரி. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். அனுப்பிவிட்டாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய அரங்கில் வெளியீடு. குவீன்ஸ்டவுனிலிருந்து வந்த ரத்தினம்மா, பக்கவாதத்தில் விழுந்த கணவரை ஒற்றை ஆளாகப் பார்ப்பவர், புத்தகத்தோடு ஃபர்சானாவிடம் வந்தார்.

"ஏம்மா, அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறது எப்படின்னு தேடுறேன். 'இங்கே தொடவும்'னு போட்டிருக்கு. தொட்டா ஒண்ணும் வரல லா. நான்தான் தப்பா செய்றேனா?"

காகிதத்தின் மேல் அவர் விரல் இன்னும் இருந்தது.

"இல்ல ஆன்ட்டி. தப்பு என்னோடது."

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தின் தலையில், காணொளி சரியாக வருகிறதா என்று பார்க்க அவளே என்றோ எழுதிய வரி: திரை. எடுக்க மறந்திருந்தாள். அங்கிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாம் திரை வடிவம்; படம் இல்லை, விளக்கம் இல்லை. ஐந்நூறு பிரதிகள்.

சாமுண்டீஸ்வரிக்குப் போன் செய்து சொன்னாள்.

"முழுசாப் புரட்டிப் பாக்கல சிஸ்டர்."

அவர் திட்டவில்லை. "வார்டுல ஊசி போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு பாப்போம்," என்றார். பிறகு, "மறுபடி அச்சடிக்க வழியில்லம்மா. அச்சுக்குக் குடுக்கிற மானியம் ஒரு தடவைதான்," என்று வைத்துவிட்டார்.

விடுபட்ட பக்கங்களைத் தானே அச்செடுத்து, முகவரி கிடைத்தவர்களுக்கு எல்லாம் தபாலில் அனுப்பினாள் ஃபர்சானா. ரத்தினம்மாவுக்கு மட்டும் நேரில் எடுத்துப் போனாள். வெளியீடு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தவர் தாள்களை வாங்கிக்கொண்டார்.

"ஒரே பக்கமா படுத்துக் கிடந்து அவருக்கு முதுகுல புண்ணு வந்துடுச்சும்மா. ஆஸ்பத்திரில சேத்துட்டேன். பரவால்ல, வீட்டுக்கு வந்தா பாத்துக்கிறேன்."

புண் எப்போது வந்தது என்று கேட்காமல் ஃபர்சானா அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். உள்ளே கூடத்துக் கட்டிலில் விரிப்பு உருவப்பட்டு, மெத்தை வெறுமையாகக் கிடந்தது.