இங்கிருந்து தெரியும், அங்கிருந்து தெரியாது

மத்தியான வெயிலில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தால், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் கடலைத் தொடாமல் ஒரு சாண் மேலே மிதப்பது போலிருக்கும். கானல்தான். தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு கோடை விடுமுறையில் அப்படிப் பார்க்க எனக்கு நிறைய நேரம் வாய்த்தது. காரணம் என் மகள்.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. ஒரே கம்ப்யூட்டரில் இருவரும் ஒரு போர் விளையாட்டு ஆடுவோம். தேன்கூடு போல ஆறு பக்கக் கட்டங்கள். சிலவற்றில் காடு, சிலவற்றில் வெட்டவெளி. எதிரியின் பீரங்கி நம் பீரங்கிக்குத் தெரிந்தால்தான் சுடலாம்; நடுவில் காடு வந்தால் மறைத்துவிடும். திரை ஒன்றுதானே, அதனால் அவள் ஆடும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நான் ஆடும்போது அவள் திரும்புவாள்.

ஒரு நாள் அவளுடைய பீரங்கியைச் சுட்டேன். அது பாதி சேதம். பதிலுக்குச் சுட வந்தவளிடம், 'எதிரி தெரியவில்லை' என்றது கம்ப்யூட்டர்.

"யப்பா, நீங்க எட்டிப் பாத்திட்டிய."

"இல்லளா."

"பெறவு எப்படி உங்களுக்கு என்னயத் தெரியுது, எனக்கு உங்களத் தெரியல?"

அடுப்படியிலிருந்து அவள் அம்மா, "கப்பல்ல கை காட்டி லோடு எறக்குத மனுசன், வீட்டுல கள்ளாட்டம் ஆடுதாராக்கும்" என்றாள். மகள் சிரிக்கவில்லை. "இனி உங்ககூட ஆட மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

துறைமுகத்தில் என் வேலை அந்தக் கை காட்டுவதுதான். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் அடிக்கிடங்கு தெரியாது. நான் மேலே நின்று பார்த்துக் கைச்சாடை காட்டுவேன், அதை நம்பி அவர் இறக்குவார். அவர் நம்புகிறார், என் பிள்ளை நம்பவில்லை. இரண்டு நாள் அவள் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் கூப்பிட்டேன். "யாரும் திரும்பாண்டாம். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே ஆடுவோம், வா."

பழைய இடங்களிலேயே பீரங்கிகளை வைத்தோம். மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பைத் திரைமேல், என் கட்டத்தின் நடுவிலிருந்து அவள் கட்டத்தின் நடுவுக்கு இழுத்துப் பிடித்தேன். நரம்பு காட்டுக்குள்ளும் போகவில்லை, வெட்டவெளியிலும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டின்மேலேயே கிடந்தது. என் பீரங்கியை அவள் இடத்திலும் அவளுடையதை என் இடத்திலும் மாற்றி வைத்தோம். இப்போது அவளுக்கு நான் தெரிந்தேன், எனக்கு அவள் தெரியவில்லை.

அவள் விரலால் நரம்பை மெல்ல வருடிக்கொண்டே போனாள்.

"இந்தக் கம்ப்யூட்டருக்கு வரப்புல நடக்கத் தெரியலப்பா. இங்கன இருந்து போனா வெட்டவெளியில எறங்குது. அங்கன இருந்து வந்தா காட்டுல எறங்குது."

ஜன்னல் வழியே தெரிந்த அந்தக் கப்பல்களில் இருப்பவர்களுக்கு எங்கள் வீடு எப்படித் தெரியுமோ, தெரியவே தெரியாதோ என்று அப்போது ஏனோ நினைத்துக்கொண்டேன்.

"நீங்க பாக்கல, என்னப்பா" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

"பாக்கலளா."

"ம்."

ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினோம். பழையபடி அவள் ஆடும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் என் பீரங்கிகள் மூன்றும் போயின. எந்தக் கட்டத்தில் நின்று சுட்டாள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.