அடோமா மயங்கி விழும் பக்கம்

கானா நாட்டுக் குமாசிச் சந்தையில் தலையில் தட்டு வைத்து அவித்த முட்டை விற்கிற அடோமா, தையல்காரர் அசாரே கூப்பிட்டால் மட்டும் மயங்கி விழுவாள். எதிரே கருவாடு விற்கிற நான் எத்தனை முட்டை பொறுக்கியிருப்பேனோ!

"அடோமா" என்பார். அவள் திரும்புவாள். கண் செருகும், முட்டைகள் உருளும்.

சந்தை சும்மா இருக்குமா? "புருஷன் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. மாஸ்டர் குரலைக் கேட்டாலே கிறங்கிடுறா" என்றார்கள். அந்த மனுஷனும் நம்பிவிட்டார். தினமும் சவரம், செண்டு. எங்கள் வழக்கப்படி பெண் கேட்டுப் போகும்போது அவளுடைய அண்ணனுக்குக் கொடுக்க இரண்டு பாட்டில் ஜின் வேறு வாங்கி வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், அவ செத்துகித்துப் போயிட்டா?"

"ஆசையில யாரும் சாக மாட்டாங்க. நீங்க கருவாட்டைப் பாருங்க."

நான்தான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அசாரேயும் தொற்றிக்கொண்டார். கையில் ஊசி வழியே மருந்து ஏற்றி, "ஆடாம நேரா பாருங்கம்மா" என்று சி.டி. ஸ்கேனில் கழுத்து ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள். எலும்பு தேய்ந்திருந்தது; அடைப்பு ஒன்றுமில்லை.

"நான்தான் சொன்னேனே" என்றார் அசாரே. முகமெல்லாம் பல்.

டாக்டர் எசி விடவில்லை. "எந்தப் பக்கம் திரும்பினா விழறீங்க?"

"இடது பக்கம். நான் நின்னு விக்கிற எடத்துலேர்ந்து மாஸ்டர் கடை அங்கதான்."

தலையை இடது பக்கம் திருப்பி வைத்து, பக்கத்திலேயே நின்று, மறுபடி எடுத்தார்கள். மாட்டிக்கொண்டது. சுமந்து சுமந்து தேய்ந்த கழுத்தெலும்பில் முள் போல ஒன்று முளைத்து, அந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் ரத்தக்குழாயை நெரித்தது. மறுபக்கக் குழாயோ பிறவியிலேயே நூல் மாதிரி. மூளைக்கு ரத்தம் எப்படிப் போகும்?

"எலும்பைச் செதுக்கி எடுத்துடலாம். அதுவரை கழுத்துப் பட்டை. தலையில சுமையே கூடாது" என்றார் டாக்டர்.

அசாரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வெறும் எலும்புதானா? பாட்டிலைக் கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

டாக்டருக்கு இன்னும் ஒரு சந்தேகம். "இடது பக்கத்துலேர்ந்து வேற யாரும் கூப்பிடறதில்லையா?"

"நாள் பூரா கூப்பிடுவாங்க" என்றாள் அடோமா. "தலையில தட்டு இருக்கே, உடம்போடதான் திரும்புவேன். கழுத்தை மட்டும் திருப்பினா முட்டை விழுந்துடும்ல."

"இவர் கூப்பிட்டா மட்டும் ஏன் கழுத்தைத் திருப்பறீங்க?"

அடோமா கழுத்தில் மாட்டிவிட்ட புதுப் பட்டையை மேலும் கீழும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அசாரேயைப் பார்க்கவில்லை.

"இவர் கூப்பிட்டா தட்டு நெனப்பே இருக்கறதில்ல."