ரிமினிக்கு நால்வராகப் போனோம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் டார்ம்ஸ்டாட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். உலோகங்கள் எப்போது விரிசல் விடுகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. எனக்கு வேலை இல்லை. ஜெர்மன் கற்றுக்கொள்வதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நேர் கீழே நாற்பது வயதை ஒட்டிய ஒரு தம்பதி. அவர் டிராம் பணிமனையில் மெக்கானிக். அவள் ஒரு பெரிய துணிக்கடையின் பின்னறையில், விற்ற உடைகளை வாங்கியவரின் அளவுக்குப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுப்பவள். குழந்தைகள் இல்லை.

பழக்கம் மாடிப்படியில் ஏற்பட்டது. அங்கே வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துப் படிகளைத் துடைக்க வேண்டும். என் முறை முதன்முதலாக வந்தபோது, நம் ஊர் வழக்கப்படி ஒரு வாளித் தண்ணீரை மேல்படியிலிருந்து ஊற்றிவிட்டேன். தண்ணீர் கீழ்வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்தது. கதவைத் திறந்து அவள் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் உள்ளே போய் இரண்டு துணிகளை எடுத்து வந்து ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதை வைத்துக்கொண்டு குனிந்து ஒற்றத் தொடங்கினாள். பேச எனக்கு அப்போது போதிய வார்த்தைகள் இல்லை. அவளும் அதிகம் பேசுகிறவளாகத் தெரியவில்லை.

அதற்கு இரண்டாவது வருடம் மே மாதத்தில் ஒருநாள் அவள் மேலே வந்தாள்.

"வழக்கமா வட கடல் பக்கம்தான் போவோம். இந்தக் கோடைக்கு இத்தாலியில ரிமினி கடற்கரைக்குப் போகணும்னு நான் பிடிவாதமா சொல்லிட்டேன். காருல பின்னால இடம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வர்றீங்களா?"

"தீசிஸ் டிராஃப்ட் முடிக்கணும், எப்படிப் போறது?" என்றார் என் கணவர் என்னிடம் தமிழில். நான் அதை மொழிபெயர்த்தேன்.

"கடற்கரையில உட்கார்ந்து முடிக்கட்டும்" என்றாள் அவள்.

அத்துடன் அடுத்த கேள்வியும் கேட்டாள். கடலில் நான் என்ன உடுத்திக்கொண்டு இறங்குவேன்? எனக்குத் தெரிந்த கடல் மெரினா. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அலை வந்தால் பின்னால் ஓடி வருவதுதான் நான் அறிந்த கடல் குளியல். அவள் சிரிக்கவில்லை. அளவெடுத்துக்கொண்டு போனாள். பதினைந்து நாள் கழித்து, கருநீல நிறத்தில், முழங்கால்வரை நீண்டு, அரைக்கை வைத்த ஒரு நீச்சலுடையைத் தைத்துக் கொண்டு வந்தாள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ்ல கம்பி மேல நடக்கறவங்க இப்படித்தான் போட்டுப்பாங்க" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட்டில் புறப்பட்டோம். சின்ன கார். ஆண்கள் இருவரும் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால், எங்கள் நடுவில் பெட்டிகள். பிரென்னர் கணவாயில் இத்தாலிய எல்லைக் காவலர் எங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரர் ஜெர்மனில் விளக்கினார், காவலருக்குப் புரியவில்லை. அப்போது அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இத்தாலியன் பேசினாள். தட்டுத் தடுமாறி அல்ல, மளமளவென்று. காவலர் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்துவிட்டன.

கார் நகர்ந்த பிறகு நான் கேட்டேன். அவள் பிறந்தது அந்த மலைகளுக்குத் தெற்கே, இத்தாலிக்குள் இருக்கும் ஜெர்மன் பேசுகிற ஒரு பள்ளத்தாக்கில். வீட்டில் ஜெர்மன், பள்ளிக்கூடத்தில் இத்தாலியன். கல்யாணமாகி டார்ம்ஸ்டாட்டுக்கு வந்த பிறகு அதைப் பேசத் தேவை ஏற்படவில்லை.

"இவ இத்தாலியன் பேசி நானே இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார் கீழ்வீட்டுக்காரர், சாலையைப் பார்த்தபடி.

ரிமினியில் கடற்கரைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் ஒரு தங்கும் விடுதி. அக்கா தங்கை இருவர் நடத்தியது. அக்காவுக்கு ஜெர்மனில் 'காலை வணக்கம்', 'உருளைக்கிழங்கு' போன்ற சில சொற்கள் மட்டும் தெரியும். விருந்தினர்களில் பாதிக்கு மேல் ஜெர்மன்காரர்கள். நாங்கள் மாமிசம் சாப்பிட மாட்டோம் என்று கீழ்வீட்டுக்காரி சமையலறைக்குள்ளேயே போய்ச் சொன்னாள். அன்று முதல் எங்களுக்கு அந்த ஊரில் தோசைக்கல் போன்ற ஒன்றில் சுடும் மெல்லிய ரொட்டியும் கீரையும் வந்தன. என் கணவர், "சப்பாத்தியேதான், உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று மகிழ்ந்தார்.

கடற்கரை நான் நினைத்ததுபோல் வெட்டவெளியாக இல்லை. ராணுவ அணிவகுப்புப் போல வரிசை வரிசையாகக் குடைகள். ஒவ்வொரு குடைக்கும் ஒரு எண். காலையில் விசில் வைத்திருந்த ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எல்லாருக்கும் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பார். பத்து மணிக்கு மேல் சின்ன விமானங்கள் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு தாழப் பறக்கும். ஒலிபெருக்கியில் நான்கு மொழிகளில் காணாமல் போன குழந்தைகளின் அடையாளம் சொல்வார்கள். ஒரு ஆள் தேங்காய்ச் சில்லுகளை வாளித் தண்ணீரில் போட்டு, பாட்டாகக் கூவிக்கொண்டு வருவான். உலகத்தில் தேங்காயைச் சட்னி ஆக்காமல் சும்மாவே இவ்வளவு ஆர்வமாகத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குச் செய்தி. மாலையில் தெருவோரம் தர்பூசணிக் கடைகள், திறந்தவெளிச் சினிமா, அக்கார்டியன் வாசித்து நடனமாடும் அரங்குகள்.

என் கணவர் முழுக்கால் சட்டையும் காலுறையும் அணிந்து குடைக்கடியில் தீசிஸைத் திருத்தினார். நான் கருநீல உடையில் தண்ணீரில் இறங்கினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மல்லாந்து மிதக்க அவள் எனக்குக் கற்றுக் கொடுத்தாள். முதுகுக்கு அடியில் கையை வைத்திருப்பாள். எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. மிதந்துகொண்டிருந்த ஒரு நேரத்தில்தான், இனி 'நீங்கள்' வேண்டாம், 'நீ' என்றே கூப்பிடு என்றாள். ஜெர்மன்காரர்களிடம் அது எளிதில் கிடைக்கிற ஒன்றல்ல.

கீழ்வீட்டுக்காரர் முதல் நாளே மண்வெட்டியோடு இறங்கி, எங்கள் நாற்காலிகளைச் சுற்றி வட்டமாக ஒரு மணல் சுவர் எழுப்பினார். வட கடல் கரையில் ஜெர்மன்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். காற்றைத் தடுக்கும், இது எங்கள் இடம் என்றும் சொல்லும். சுவரை அவர் தண்ணீர் தெளித்துத் தட்டி மெழுகியிருந்தார். கடற்கரைக் காவல்காரர் வந்து பார்த்தார். நீளமாக ஏதோ சொன்னார். அவள் இன்னும் நீளமாகப் பதில் சொன்னாள். பக்கத்துக் குடைகளில் இருந்த இத்தாலியர்கள் எல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"என்ன சொன்னே?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார்.

"சுவரை எடுக்கணுமாம். வழி மறிக்குதாம்."

"அது அவர் சொன்னது. நீ என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லை. அதை ஜெர்மன்ல சொன்னா சிரிப்பு வராது."

அவர் மறுபேச்சில்லாமல் மண்வெட்டியை எடுத்துச் சுவரைக் கலைத்தார். மணலைப் பரப்பிச் சமமாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்குச் சுதந்திர தினம். அந்த ஊருக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். காலையில் கோயில் மணி, பகல் முழுவதும் கடலில் மனிதத் தலைகள், இருட்டியதும் வாணவேடிக்கை. அதற்கு முன் கடற்கரை அரங்கில் ஜோடி நடனப் போட்டி. அவள் கணவரைக் கூப்பிட்டாள். "என் முட்டி" என்று அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். என் கணவரைக் கூப்பிட்டாள். அவர் என்னைப் பார்த்து, "ப்ளீஸ், நீயே ஏதாவது சொல்லு" என்றார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பெண்கள் ஜோடியாக ஆடுவது சாதாரணம் என்றாள். பார்த்தேன், நிறையப் பேர் அப்படித்தான் ஆடினார்கள்.

எனக்கு ஆடத் தெரியாது. அவள் தள்ளிய பக்கம் போனேன், இழுத்த பக்கம் வந்தேன். பட்டுப்புடவை கட்டியிருந்தேன், ஒவ்வொரு சுழற்சிக்கும் முந்தானை பறந்து யார் முகத்திலாவது விழுந்தது. முகத்தில் விழுந்தவர்கள் கை தட்டினார்கள். என்ன கணக்கோ, எங்களுக்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். ஒரு பெரிய தர்பூசணி. கீழ்வீட்டுக்காரர் அதை விடுதிவரை தோளில் சுமந்து வந்தார். வழியெல்லாம் அவள் எதிரே வந்தவர்களுடன் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இவ்வளவு உரக்கப் பேசுவாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் காலை விடுதித் தங்கை ஈரச் சமையலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். விடுதி நிரம்பி வழிந்த வாரம். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கீழ்வீட்டுக்காரி பாதிக் காப்பியில் எழுந்து, ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அன்று முதல் காலையும் மதியமும் அவள்தான் பரிமாறினாள். தட்டில் இருப்பது என்ன என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்ட ஜெர்மன்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். மாலையில் மட்டும் எங்களோடு கடலுக்கு வருவாள்.

"நாம இங்கே விடுமுறைக்கு வந்தோம்" என்றார் அவர், அவள் அவருக்கே சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது.

"எனக்கு இதுதான் விடுமுறை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

புறப்படும் நாள் காலை பெட்டிகளை இறக்கினோம். அவர் காரின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவள் ஏப்ரனோடு வாசலுக்கு வந்தாள். கையில் பெட்டி இல்லை.

"உன் பெட்டி எங்கே?"

"மேலே இருக்கு. நான் வரலை."

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "எத்தனை நாளைக்கு?"

"சீசன் முடியறவரைக்கும். இவங்களுக்கு ஆள் வேணும்."

"கடையில என்ன சொல்றது?"

"நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"சீசன் முடிஞ்ச பிறகு?"

"அப்போ யோசிக்கலாம்."

நானும் என் கணவரும் பத்தடி தூரத்தில் நின்றோம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் கணவர் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் சக்கரங்களைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் காலால் அழுத்திப் பார்த்தார். அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவர் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

பின்னிருக்கையில் இப்போது நான் மட்டும். கால் நீட்ட இடம் இருந்தது, நீட்டவில்லை. பிரென்னர்வரை யாரும் பேசவில்லை. மலையிலிருந்து இறங்கத் தொடங்கியதும் அவர் திடீரென்று டிராம் பிரேக்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குளிர்காலத்தில் தண்டவாளத்தில் மணல் தூவுவது ஏன், எந்தப் பாகம் முதலில் தேயும் என்றெல்லாம். என் கணவர் தேய்மானத்துக்கும் விரிசலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். இரண்டு பேரும் டார்ம்ஸ்டாட் வரும்வரை இரும்பைப் பற்றியே பேசினார்கள். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும்போது என் கணவர் கேட்டார்: "நீ இந்த மாதிரி ஏதாவது பண்ணுவியா?"

"எனக்கு இத்தாலியன் தெரியாதே" என்றேன்.



அக்டோபரில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவளுடைய குளிர்காலத் துணிகளைக் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். "எது வேணும், எது வேண்டாம்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியும்." கீழே போனேன். வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவள் அலமாரியைத் திறந்து விட்டுவிட்டு, அவர் சமையலறையில் போய் நின்றுகொண்டார். கோட்டு, கம்பளிச் சட்டைகள், கனத்த காலுறைகள் என்று எடுத்து மடித்தேன். கட்டி முடித்தபோது அவர் வந்து, தையல் கத்தரிக்கோல் ஒன்றை நீட்டினார். "இதையும் வைங்க. வேற கத்தரி அவ கைக்கு ஒத்துவராது."

பெட்டியைத் தபாலில் அனுப்பவில்லை. லீவு போட்டு ரயிலில் அவரே எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்துத் தனியாகத் திரும்பினார். குடைகளை எல்லாம் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார்களாம், கடற்கரையில் நாய்கள்தான் ஓடுகின்றனவாம். விடுதி மூடிக் கிடக்கிறது. அக்கா, தங்கை, அவள் மூவரும் ஜன்னல் கதவுகளுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"நீங்க சும்மா இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"மாடி ஜன்னல் முழுக்க நான்தான் அடிச்சேன்" என்றார்.

கட்டடத்தில் பலவிதமாகப் பேசினார்கள். முதல் மாடி அம்மாள், அவளுக்கு அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னாள். நான் பார்த்தவரையில் அப்படி யாரும் இல்லை. அவரும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவளுடைய முறை வந்த வாரங்களில் படிகளை அவரே துடைத்தார்.

பிப்ரவரியில் அவள் வந்தாள். முன்னைவிடச் சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். வந்த மறுநாள் அடித்தளத்துக் கொடியில் தன் துணிகளையும் அவர் துணிகளையும் சேர்த்தே காயப்போட்டாள். நடுவில் ஒரு நாள் மேலே வந்து எனக்கு அந்த ஊர் ரொட்டி சுட்டுக் காட்டினாள். மார்ச் மாதம் மறுபடி பெட்டியோடு இறங்கிப் போனாள். அவர் ஸ்டேஷன்வரை போய் விட்டுவிட்டு வந்தார். படியில் எதிர்ப்பட்ட முதல் மாடி அம்மாள் அவரிடம், "என்ன, மறுபடியும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"விடுதியைச் சுத்தம் பண்ணணும். ஈஸ்டருக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க" என்றார் அவர்.

அதற்கடுத்த வருடம் என் கணவர் பட்டம் வாங்கினார். நாங்கள் சென்னைக்குத் திரும்பினோம்.