வயலுக்கு வந்த மடவை

எங்கள் குடும்பத்துக்கென்று முதன்முதலாக நிலம் வந்தபோது எனக்கு எட்டு வயதிருக்கும். கூலிச் சண்டையும் ஊர்வலங்களும் ஒருவாறு ஓய்ந்து, உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தைச் சர்க்கார் பிரித்துக் கொடுத்திருந்தது. எங்களுக்கு விழுந்தது ஊரின் கிழக்குக் கடைசி. அதற்கப்பால் வடிகால், உப்பு மண்ணில் மட்டும் வளரும் உமரிச்செடி மண்டிய சதுப்பு, பிறகு கடல். பண்ணை நன்றாக யோசித்துத்தான் அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுத்திருந்தது.

அப்பாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரப்பில் போய் நிற்பார். ஊர்வலங்களில் அவருக்கு முன்னால் நடந்த அத்தை, அவருடைய தங்கை, களை பறிக்கும்போது பயிரோடு பேசுவாள்.

தை மாதம், கதிர் பால் பிடிக்கும் சமயம். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் ஆறு களைத்துப்போயிருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை அம்மாவோடு வயலுக்குப் போனால், பயிருக்கு நடுவே மடவை மீன் துள்ளுகிறது. வரப்போரமெல்லாம் இறால். கடலில் ஓதம் ஏறி, வடிகால் வழியாக வந்து, கரையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்திருந்தது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவைக் கூப்பிட ஓடினாள்.

அப்பா வடிகாலில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். “நல்ல தண்ணியாத்தான் இருக்கு.”

“மேலாப்புல அள்ளுனா அப்படித்தான் இருக்கும்ண்ணே” என்றாள் கூடவே வந்த அத்தை. சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடி, தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, அடியில் திறந்து மொண்டு கொடுத்தாள். அப்பா வாயில் வைத்ததும் துப்பினார்.

இன்று பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். ஆற்றுநீர் லேசு, கடல்நீர் கனம், ஆகவே அது அடியிலேயே ஊர்ந்து ஏறும் என்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட முடிகிறது. கடல் உயர உயர இன்னும் உள்ளே வரும், சதுப்பு மூழ்கிப்போனால் ஓதத்தைத் தாங்கிக்கொள்ள வேறெதுவும் இல்லை என்றும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தூக்குவாளி மீனால் நிறைந்துவிட்டது என்பதுதான்.

களிமண்ணும் வைக்கோலும் போட்டு மதியம் வரை உடைப்பை அடைத்தார்கள். அப்பா சேற்றுக் கையோடு கரையில் உட்கார்ந்தார். “இதுக்குத்தான் இந்தப் பக்கமா பாத்துக் குடுத்திருக்காங்க. பேசாம பழையபடி கூலிக்கே போயிடலாம்.”

“அவங்க குடுக்கல. நாம வாங்குனது. கரிச்சாலும் நம்ம மண்ணுண்ணே.”

பயிரின் நுனி கருகி, கதிர்கள் மணி பிடிக்காமல் சாவியாகிப் போயின. அடுத்த வருஷ மழை உப்பைக் கழுவியதில் பாதி விளைந்தது. அத்தை இருந்தவரை அந்த நிலத்தை விடவில்லை. கடலும் விடவில்லை. இப்போது அங்கே உமரி முளைத்திருக்கிறது.

உடைப்பை அடைத்த அன்று சாயங்காலம் வீட்டில் மீன்குழம்பு. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டியபடி, கடல் மறுபடியும் எப்போது நம் வயலுக்கு வரும் என்று அத்தையிடம் கேட்டேன்.

அவள் என் தட்டில் மீனை வைத்தாள். “வழி தெரிஞ்சுகிச்சில்ல பாப்பா. இனிமே அடிக்கடி வரும்.”

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.