ஷெப்பர்ட் கல்லின் திகதி

பழைய கல்லறைகளின் பெயர்களையும் திகதிகளையும் குறிப்பேட்டில் சேர்த்து வந்த நான், கண்டாவளைப் பக்கத்து நீர்ப்பாசன பங்களாவின் காவலாளியை ஒரே ஆண்டில் இரண்டு தடவை சந்தித்தேன்: மாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. ஒற்றைப் பொத்தான் காக்கிச் சட்டை, தோளில் கோடரி. காட்டுக்குள் கால் வைக்குமுன் ஓர் இலைக்குழையை முறித்து, பிள்ளையாருக்கென்று மரத்தடியில் போடாமல் அவர் போனதில்லை.

பங்களாவின் பின்னால் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறைக்கல் பாதி புதைந்து நின்றது. ‘ஷெப்பர்ட்’ என்ற குடும்பப்பெயர் மட்டும் தெரிந்தது. இறந்த திகதி மண்ணுக்குள் இருந்தது. தோண்டிப் பார்க்கலாமென்றால், பங்களா மண்வெட்டியோ வாய்க்கால் வேலைக்குப் போயிருந்தது. எரிச்சலை அடக்கிக்கொண்டு, அந்தப் பெயருக்கு மந்தை மேய்ப்பவன் என்று பொருள், அதே பெயரில் கிறிஸ்தவ ஆயர்களும் ஓவியர்களும் கப்பல் தலைவர்களும் இருந்திருக்கிறார்கள் என்று காவலாளிக்கு விளக்கினேன்.

“அவையளும் மாடு மேய்ச்சவையோ?”

“இல்லை.”

“அப்ப பேரைக் கெடுத்துப்போட்டினம், ஐயா.”

ஆவணியில் சொந்த மண்வெட்டியோடு போனேன். கல்லைக் காணவில்லை. அந்த இடத்தில் இடுப்பளவு குழைக் குவியல், முன்னால் கர்ப்பூரக் கரி.

“மாடு துலைஞ்ச சனமெல்லாம் இஞ்ச வந்து குழை போடுது. நீங்கள்தானே சொன்னீங்கள், மேய்க்கிற துரையெண்டு.”

“அடியிலை கொஞ்சம் கிண்டிப் பாக்கட்டோ? எனக்குத் திகதி மட்டும்தான் வேணும்.”

அவர் என் மண்வெட்டிப் பிடியைப் பற்றிக்கொண்டார்.

“கிண்டாதேங்கோ. என்ரை எருமையே திரும்பி வந்தது. திகதிதானே? அது வந்தது ஆடி இரண்டாஞ் செவ்வாய். எழுதுங்கோ.”

எழுதினேன். என் குறிப்பேட்டின் ஷெப்பர்ட் பக்கத்தில் இன்றுவரை உள்ள ஒரே திகதி அதுதான்.