கதவை மூடிப் பாருங்கள்

எங்கள் ஊரில் எதற்கும் காரணம் தூசிதான். மிக்ஸி நின்றுபோனால் தூசி, டிவியில் படம் ஆடினால் தூசி, பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் தூசி. தங்கம் எடுத்த மைன்ஸ் மூடிப் பல வருஷம் ஆகியும், தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்றடிக்கிற மாதங்களில் அந்த வெளிறிய மண் ஜன்னல் வழியாக வந்து சோற்றுத் தட்டில் உட்காரும். அதனால் எங்கள் கார் கதவு கெட்டபோதும் பார்த்தவர்கள் எல்லோரும் தூசி என்றார்கள். நானும் தலையாட்டினேன். அதிலேயே அரை நாள் போய்விட்டது, அப்போது எங்களுக்கு அரை நாள் என்பது சாதாரண விஷயமில்லை.

அது பழைய கார். என் மாமனாருக்குக் கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் கோலாருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வாங்கினோம். என் வீட்டுக்காரர் விடியுமுன் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறினால், பெங்களூரில் வேலை முடித்து இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஆகவே டிரைவர் நான்தான். வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள், ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். மாமனார் பின்சீட்டில் இடதுபக்க ஜன்னலோரம் உட்காருவார். மைன்ஸ் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர், பேச்சு குறைவு. நான் கொஞ்சம் வேகமாகப் போனால் மட்டும் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வரும்.

அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கையில் கட்டோடு அவர் துவண்டு கிடந்தார். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் மாத்திரை வாங்க நிறுத்தினேன். வெயில் தாங்க முடியவில்லை என்று இன்ஜினை அணைக்காமல், ஃபேன் ஓடட்டும் என்று சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கினேன். கதவைச் சாத்தி நாலடி வைத்திருப்பேன், பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். நாலு கதவும் தானாகவே பூட்டிக்கொண்டன.

மாமனார் உள்ளேயிருந்து பூட்டுக் குமிழை இழுத்தார். அது மேலே வந்தது, உடனே கீழே போனது. மறுபடி இழுத்தார், மறுபடி போனது. ஜன்னல் பட்டனை அழுத்தினார், கண்ணாடி அசையவில்லை. முன்பக்கம் எட்டிப் பிடிக்க அவர் உடம்பில் தெம்பு இல்லை. நான் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறேன், கண்ணாடியைத் தட்டுகிறேன், என்ன செய்வதென்று தெரியாமல் "மாமா, மாமா" என்று கத்துகிறேன். முதலில் அவரும் உள்ளங்கையால் கண்ணாடியை அடித்தார். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டோரம் கிடந்த கல்லைத் தூக்கி ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து அதே 'டக்', பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

திறந்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை. எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்று தெரியாத வண்டியில் ஒரு நோயாளியை எப்படி ஏற்றுவது?

அடுத்த டயாலிசிஸ் அன்று மாமனார் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "அந்தக் கதவு சரியாவட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். ஆட்டோ என்றேன், குலுக்கும் என்றார். வாடகைக்கார் என்றேன், "எந்தக் காரும் வாணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ரயிலிலிருந்து போன் போட்டுக் கெஞ்சினார். அவருக்கும் அதே பதில்தான்.

அந்த முறை தவறிப்போனது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ஒன்று தவறியதே பெரிய விஷயம், அடுத்ததும் தவறினால் தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவந்தும் பிரயோஜனம் இல்லை என்றார். போனை வைத்துவிட்டு மாமனாரின் காலைப் பார்த்தேன். கணுக்கால் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. மூச்சில் ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு பகல் பாக்கி.

மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் பின்னாலிருக்கும் கார் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் நாற்பது வயதுக்காரர், வாயில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டிருப்பார்.

"இன்னாக்கா பிரச்சன?"

சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"சைனைட் தூசுக்கா. சுச்சுக்குள்ள பூந்துக்கும். இந்த ஊர்ல பத்து வண்டி வந்தா எட்டு அதான்."

மாமனார் உட்காரும் பக்கத்துப் பின்கதவை அகலமாகத் திறந்துவைத்து, உள்பக்கப் பலகையைக் கழற்றினார். அவர் சொன்ன தூசி இருக்கத்தான் செய்தது, விரலில் எடுத்துக் காட்டினார். சுவிட்சைப் பிரித்து, ஸ்பிரே அடித்து, துடைத்து மாட்டினார். பட்டனை அழுத்தினால் கண்ணாடி வெண்ணெயாக இறங்கியது, ஏறியது. பூட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

"ஆய்த்துக்கா" என்றார், முடிந்துவிட்டது என்பதைக் கன்னடத்தில். எனக்கு அழுகை வராத குறை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ரயில்வே கேட்டின் மேட்டில் ஏறி இறங்கினேன், 'டக்'. நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மத்தியானமாகிவிட்டது, மறுநாள் காலையில் புறப்பட வேண்டும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அவர் கடை வாசலில் நிறுத்திய வேகத்தில், டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னா ரிப்பேர் பண்ணீங்க? கேட்டு தாண்டல, பூட்டிக்கிச்சி."

அவர் மறுபடி கதவைத் திறந்தார், பட்டனை அழுத்தினார். கண்ணாடி சமத்தாக இறங்கியது. "பாருங்க, நல்லாதானே கீது" என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ண்ணா, நீங்க கதவ தொறந்து வெச்சிக்கினே பாக்கறீங்க. எங்க மாமனார் இன்னா கதவ தொறந்துபோட்டுக்கினா கோலாருக்குப் போறாரு? மூடிப் பாருங்க."

ஆத்திரத்தில் சொன்னதுதான், யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் அவர் வாயிலிருந்த ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பட்டனை அழுத்தினார். கண்ணாடி அசையவில்லை. திறந்தார், இறங்கியது. சாத்தினார், நின்றது. பாதி திறந்து கதவை முன்னும் பின்னும் ஆட்டினார். 'டக்', 'டக்' என்று பூட்டு விழுந்து எழுந்தது.

"அய்ய, சுச்சு இல்லக்கா இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே குந்தினார்.

கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில், கீல் பக்கமாக, ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கிறது. கதவுக்குப் போகிற ஒயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. அதைச் சுருட்டி இழுத்து எனக்குக் காட்டினார். வருஷக்கணக்கில் கதவைத் திறந்து மூடியதில், மடங்கி மடங்கி, ஜன்னலுக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயர் உள்ளேயே அறுந்திருந்தது. கதவு திறந்திருந்தால் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், மூடினால் விலகிவிடும். அதன் பக்கத்திலேயே பூட்டு ஒயர்களும் தோலுரிந்து கிடந்தன. குலுங்கும்போது கரண்ட் ஒயர் அவற்றில் ஒன்றைத் தொட்டால் நாலு கதவும் பூட்டும், இன்னொன்றைத் தொட்டால் திறக்கும். அன்றைக்கு ஆண்டர்சன்பேட்டையில் கதவைத் திறந்துவிட்டது இந்த அறுந்த நுனிதான். அது அந்தப் பக்கம் சாயாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அவர் அறுந்ததையெல்லாம் வெட்டி எடுத்தார். கொஞ்சம் நீளமாகப் புது ஒயர் சேர்த்து, சால்டரிங் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உறை போட்டு, மறுபடி குழாய்க்குள் நுழைத்தார். பிறகு அவரே பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார். ஊருக்குள்ளேயே மைசூர் மைன்ஸ் பக்கம் இருக்கிற பள்ளம் மேடெல்லாம் ஏற்றி இறக்கினேன். பூட்டு வாயே திறக்கவில்லை. கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டது.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ரப்பர் குழாய், அறுந்த ஒயர், மேடு பள்ளம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அப்ப சரியாயிடுச்சா?" என்றார். "ஆயிடுச்சி மாமா" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் கைத்தாங்கலாக வண்டிவரை கூட்டிவந்தேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கதவருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"மைன்ஸ்ல கேஜ ரிப்பேர் பண்ணா, பண்ணவன்தான் மொதல்ல உள்ள எறங்கி வருவான். அப்புறம்தான் ஷிப்டு ஆளுங்கள ஏத்துவாங்க" என்றார். கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு.

"நேத்தே மெக்கானிக் உக்காந்து பாத்தாரு மாமா."

"நான் பாக்கலியே."

டயாலிசிஸ் கட்டில் நமக்காகக் காத்திருக்காது, நேரம் தவறினால் அடுத்த ஆளைப் படுக்கவைத்துவிடுவார்கள். வாக்குவாதம் பண்ணி நேரத்தைப் போக்குவதைவிட இதுவே மேல் என்று, சாவியைப் போட்டு ஆன் செய்துவிட்டு நானே பின்சீட்டில் ஏறி அவர் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவரை டிரைவர் பக்கத்திலிருந்து பூட்டச் சொன்னேன். குமிழை அழுத்திக் கதவைச் சாத்தினார். 'டக்'. கண்ணாடியை இறக்கிக் காட்டினேன், ஏற்றிக் காட்டினேன், மறுபடி இறக்கினேன். குமிழை இழுத்தேன், இழுத்தபடியே நின்றது.

"பாத்தீங்களா? ஏறுங்க மாமா."

அவர் சுற்றி வந்து ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கி வாணாம்மா. சோர்வா கீது."

"கதவு சரியாச்சி. அப்புறம் இன்னா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அன்னிக்கி உள்ள மாட்டிக்கினேன் பாரு, மொதல்ல பயமாதான் இருந்துச்சி. அப்புறம், சரி, இப்பிடியே ஆயிட்டா கூட நல்லதுதான்னு தோணிச்சி. எத்தினி நாளைக்கி ஊசி குத்திக்கினு கெடக்கறது. நீயும் பொழப்ப உட்டுட்டு என்னிய தூக்கினு அலையிற. போதும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர் பயந்து போய்தான் வண்டியில் ஏற மறுக்கிறார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அவருக்குக் கதவு ஒரு சாக்கு. அழ வேண்டும் போலவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. பெரியவர் என்ற மரியாதையில் உலுக்க முடியாதே. கண்ணாடியை ஏற்றினேன். குமிழை அழுத்தினேன்.

அவர் கண்ணாடியைத் தட்டினார். நான் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். ஒரு விரல் அளவுக்கு இறக்கினேன்.

"தொற. இன்னாம்மா இது?"

"நீங்க ஏறினாதான் நான் எறங்குவேன்."

"நீ எறங்காம வண்டிய ஆரு ஓட்டறது?"

"அது எனக்குத் தெரியாது. நானும் இங்கியே கெடக்கறேன்."

சாவி உள்ளே, நான் உள்ளே, அவர் வெயிலில். வீங்கிய காலோடு நின்றுகொண்டிருந்தார். எங்கே விழுந்துவிடுவாரோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கதவில் வைத்த கை தானாகவே குமிழைத் தேடியது, கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கினால் அவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார், அதற்கு மேல் அவரை யாராலும் எழுப்ப முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"உன் புடிவாதம்" என்று முனகினார். பிறகு வண்டியைப் பிடித்தபடி நகர ஆரம்பித்தார். டிக்கிப் பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கி, மறுபக்கம் வந்து சேர்ந்தார். நான் எட்டி அந்தக் கதவின் குமிழை இழுத்தேன். ஏறி உட்கார்ந்தார். கதவை அவரே இழுத்துச் சாத்திக்கொண்டார்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் மூச்சு தணிய நேரமானது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை. "எங்களுக்கு நீங்க வேணும் மாமா" என்றேன். அவர் ஊசித் தழும்பேறிய கையைத் தூக்கி என் தோளில் ஒருமுறை தட்டினார்.

"அழுதுட்டு ஓட்டு" என்றார். "அழுதுக்கினே ஓட்டாத."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, முன்சீட்டுக்குப் போனேன்.