கதைக்காரம்மா எழுதிய மனு

கதைக்காரம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. இரண்டு பேருந்து, ஒரு படகு என்று இடுப்பு ஒடிய இந்த ஆற்றுத் தீவுக்கு அவள் வருவது நாவல் எழுதத்தான். பதினோரு வருடமாக வந்து, நான்கு நாவல் எழுதிப் பெயரும் வாங்கியாயிற்று. ஆனால் படகை விட்டு இறங்கினால் போதும், "எழுதத் தெரிஞ்சவங்க வந்துட்டாங்க" என்று ஆளாளுக்கு மனு எழுதக் கூப்பிடுவார்கள்.

இந்த முறை எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனு. நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் மருந்தகத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டும். மாதக் கடைசிக்குள் சுகாதார அலுவலகம் மனுவை ஏற்காவிட்டால் அந்த நர்ஸ் பணியிடத்தையே எடுத்துவிடுவார்களாம். சலித்துக்கொண்டே உட்கார்ந்தவள் ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதினாள். முடித்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. தன் எழுத்தைப் படித்துத் தானே அழும் ரகம் அவள்.

அக்கரையில், சுகாதார அலுவலகத்து எழுத்தர் ஆறு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கம்மா. ஆனா யாரு, என்னிக்கு, எத்தனை பேரு, ஒண்ணும் இல்லையே. நிலா மட்டும் நாலு தடவை வருது. நிலாவுக்கு நான் நர்ஸ் போட முடியாது."

கதைப் புத்தகத்தைக் கையால் தொட்டிராத ஆள் தன் எழுத்தில் குறை சொல்வதா என்று பொருமிக்கொண்டே தீவுக்குத் திரும்பினாள். வழக்கமாகத் தங்கும் கடைக்காரி வீட்டுப் பின்னறைக்கு வந்ததும் தாள்களை மேசையில் வீசினாள்.

"தேதி வேணுமாம், எண்ணிக்கை வேணுமாம். அந்தாளுக்கு என்ன தெரியும்?"

கடைக்காரி எடுத்து வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் அவளுடைய மகளின் சாவு இருந்தது, வெள்ளம், நள்ளிரவு, நிலவொளி எல்லாவற்றோடும். போன நாவலிலும் அப்படியேதான்.

"வெள்ளம் எங்க வந்துச்சு? செவ்வாய்க்கிழமை, மத்தியானம், நல்ல வெயிலு. தேள் கடிச்சிடுச்சு. ரெண்டு மணி நேரம் மடியில போட்டுக்கிட்டு படகுக்குக் காத்திருந்தேன்."

கதைக்காரம்மாவின் முகம் வெட்கத்தில் சுருங்கியது. அந்த வெட்கத்தையும் அவள் எரிச்சலாகத்தான் கொட்டினாள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேட்டாத்தானே? எப்படி அழுதேன்னு கேட்டீங்க, சொன்னேன்." கடைக்காரி பேனாவை அவள் கையில் திணித்தாள். "எழுதுங்க. வயசு ஆறு."